குற்றச்சதி வழக்குகளில் எதிரித்தரப்பு வாதம் (இலங்கை)

இருவரோ பலரோ ஒரு குற்றத்தைச் செய்ய உடன்பட்டார்கள் என்று சட்டமா அதிபர் குற்றஞ்சாட்டும்போது, அதை மறுத்து எதிரிகள் சார்பில் முன்வைக்கப்படும் வாதங்கள் இங்கே கூறப்படுகின்றன. கரம்பொன், வேலணை, புங்குடுதீவு முதலிய தீவக ஊர்களில் எழும் இத்தகைய வழக்கு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் தொடங்கி, யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் விளக்கத்துக்கு வரும்.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை சதியை முதலில் உடந்தையின் ஒரு வகையாகவே கருதியது. அதைத் தனிக் குற்றமாக்கும் 113அ, 113ஆ பிரிவுகள் பின்னர் சேர்க்கப்பட்டவை. முன்கூட்டியே கூடிப் பேசியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பொது நோக்கத்தோடு சேர்ந்து செயற்பட்டாலே போதும் என்கிறது இலங்கைச் சட்டம். இந்தியச் சட்டத்தில் இல்லாத இந்த அகலம் வழக்குத்தொடுநருக்கு மிகவும் வசதியானது. உடன்பாட்டை நேரில் கண்ட சாட்சி பெரும்பாலும் இருப்பதில்லை. நடத்தையிலிருந்தே அது ஊகிக்கப்படுகிறது. அதே நடத்தைக்குக் குற்றமற்ற வேறு விளக்கம் உண்டு என்று காட்டுவதே எதிரித்தரப்பின் முதல் வேலை.

இரண்டாவது வேலை, சான்று உள்ளே வரும் வாசலிலேயே நின்று மறிப்பது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, சதி இருந்ததென நம்ப நியாயமான காரணம் இருந்தால், ஒரு சதியாளர் பொது நோக்கம் குறித்துச் சொன்னது மற்றவருக்கும் எதிராகும். சதி முடிந்த பின் சொன்னது ஆகாது என்று 1940இல் மிர்சா அக்பர் வழக்கில் கோமறைக் கழகம் தீர்த்தது. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலை 25ஆம் பிரிவு விலக்குகிறது. ஓர் எதிரியின் ஒப்புதலை உடன் விளக்கப்படும் மற்ற எதிரிக்கு எதிராகக் கவனத்தில் எடுக்கக் கூடாது என்கிறது 30ஆம் பிரிவு. இந்தியச் சட்டம் இதற்கு இடம் கொடுத்தது. இலங்கை மறுத்தது சரியே.

பிரதமர் பண்டாரநாயக்க 1959 செப்டெம்பரில் சுடப்பட்டு இறந்த வழக்கில் ஐவர் விளக்கத்தை எதிர்கொண்டனர். 1961இல் யூரிகள் இருவரை விடுவித்தனர். புத்தரகித்த தேரர், ஜயவர்தன, சோமராம ஆகியோருக்கு மரண தண்டனை. மேன்முறையீட்டில் சதிக்குத் தண்டனை பெற்ற முதல் இருவரின் தூக்கு ஆயுட்சிறையானது. இடைநிறுத்தப்பட்டிருந்த மரண தண்டனையை மீட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டம், பின்நோக்கிக் கொலையை மட்டுமே தொட்டது. கொலைச் சதியைத் தொடவில்லை. சட்டவாசகத்தைச் சொல் சொல்லாக வாசித்ததால் இரண்டு உயிர்கள் தப்பின. சோமராம 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார்.

1962 ஜனவரி இராணுவச் சதி முயற்சியின் வழக்கே இத்துறையின் சிகரம். எதிரிகள் இருபத்துநால்வர். அவர்களை மனத்தில் வைத்தே நாடாளுமன்றம் குற்றவியல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தை முற்காலத்துக்கும் செல்லும்படி இயற்றி, சான்று விதிகளைத் தளர்த்தி, பத்தாண்டைக் குறைந்தபட்சத் தண்டனையாக்கி, நீதிபதிகளைப் பெயரிடும் உரிமையை நீதி அமைச்சருக்குக் கொடுத்தது. முதல் ஆயமே அந்த நியமனத்தைச் செல்லாதென்றது. இரண்டாவது ஆயம், அதில் இருந்த ஒருவர் முன்னர் விசாரணையோடு தொடர்புபட்டிருந்ததால் கலைந்தது. மூன்றாவது ஆயம் 1965 ஏப்ரலில் பதினொருவருக்குத் தண்டனை விதித்தது. லியனகே எதிர் இராணி என்ற மேன்முறையீட்டில், சட்டமியற்றுவோர் நீதித்துறை அதிகாரத்தைப் பறித்துக்கொண்டார்கள் என்ற எதிரித்தரப்பு வாதத்தை ஏற்ற கோமறைக் கழகம், 1965 டிசம்பரில் அத்தனை தண்டனைகளையும் நீக்கியது. சதி நடந்ததா என்பதை விட, எந்தச் சட்டத்தால் விளக்கம் நடந்தது என்பதே அங்கே வழக்கை முடித்தது.

இந்தப் பாடம் 1976இல் தமிழருக்குப் பயன்பட்டது. குடியரசு நாளை எதிர்க்கும் துண்டுப்பிரசுரங்களுக்காக அமிர்தலிங்கம், ஊர்காவற்றுறை உறுப்பினர் கா. பொ. இரத்தினம் முதலியோர் யூரி இல்லாத மூன்று நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டனர். குற்றச்சாட்டு அரச நிந்தனை, சதி அன்று. ஆயினும் செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் உள்ளிட்ட பெருந்தொகைச் சட்டத்தரணிகள் சாட்சிகளுக்குள் நுழையுமுன் சட்டத்தின் செல்லுபடியையே கேள்விக்குள்ளாக்கினர். எதிரிகள் இறுதியில் விடுதலையானார்கள்.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த அரண்களைச் சிதைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் 16ஆம் பிரிவின்படி சான்றாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதென எதிரியே நிரூபிக்க வேண்டும். சிங்கராசா வழக்கில் அத்தகைய ஒப்புதலை மட்டும் வைத்து 1995இல் ஐம்பதாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தானது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் இது நீதியான விளக்கம் அன்று எனக் கண்டும், இலங்கை உயர் நீதிமன்றம் 2006இல் அக்கருத்தைச் செயற்படுத்த மறுத்தது.

அண்மைக் காலத்தில், 2015ஆம் ஆண்டுப் புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் சதியும் ஒரு குற்றச்சாட்டு; சந்தேக நபர் ஒருவர் அரச சாட்சியானார். யாழ்ப்பாணத்தில் கூடிய மூவர் ஆயம் 2017 செப்டெம்பரில் ஒன்பது எதிரிகளில் எழுவருக்கு மரண தண்டனை விதித்து இருவரை விடுவித்தது.