அண்ணன் த்ரீஸ், தம்பி 2048

போன்ல 2048 விளையாடாதவங்க யாராவது இருக்கீங்களா? 2ஐயும் 2ஐயும் சேர்த்தா 4, 4ஐயும் 4ஐயும் சேர்த்தா 8... அதேதான். அதுக்கு ஒரு மாசம் முன்னாடி பிறந்த அண்ணன் ஒருத்தர் இருக்கார். பேரு த்ரீஸ். இன்னைக்கு அந்த அண்ணன் தம்பி கதை. நடுவுல காசநோய் மருந்தும் வரும், டாக்டர் எழுதினா அப்படித்தான் 😀

2014 பிப்ரவரியில் த்ரீஸ் வெளியானது. ஆஷர் வால்மர், கிரெக் வோல்வெண்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. முதல் மாதிரி ஒரே ராத்திரியில் தயார். ஆனால் கடைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆனது! எண்ணுக்குப் பதிலா சூஷி வெச்சுப் பார்த்தாங்க, சதுரங்கக் காய் வெச்சுப் பார்த்தாங்க, பிராக்கோலி சூப் வரைக்கும் போனாங்க. கடைசியில் எண்ணுக்கே திரும்பினாங்க.

விதி சுலபம். நாலுக்கு நாலு கட்டம். 1ம் 2ம் சேர்ந்தால் 3. அதன்பின் 3ம் 3ம் 6, 6ம் 6ம் 12. ஒவ்வொரு முறை விரலால் தள்ளும்போதும் அட்டைகள் ஒரே ஒரு கட்டம் நகரும், ஓரத்திலிருந்து புது அட்டை ஒன்று நுழையும்.

என்ன அட்டை நுழையும்? இங்கதான் விஷயமே இருக்கு.

நாணயம் சுண்டுற மாதிரி விட்டால், சில நேரம் வரிசையா ஆறு 1 வரும், ஒரு 2 கூட வராது. கட்டம் நிரம்பி ஆட்டம் குளோஸ். நீங்க ஒரு தப்பும் செய்யலை, ஆனாலும் தோத்துட்டீங்க. கடுப்பாகுமா ஆகாதா?

அதனால் அவங்க ஒரு பை வெச்சாங்க. நாலு 1, நாலு 2, நாலு 3. மொத்தம் 12 அட்டை, குலுக்கி ஒவ்வொன்றாக எடுப்பாங்க. தீர்ந்ததும் திரும்ப 12. போதாததுக்கு, அடுத்து வரப்போவதை மேலேயே காட்டியும் விடுவாங்க. டெட்ரிஸிலும் 2001 முதல் இப்படி ஏழு வடிவப் பை உண்டு. நீளக் குச்சிக்கு நீங்க எவ்வளவு ஏங்கினாலும், நடுவுல 12 துண்டுக்கு மேல் காக்க வைக்காது.

இந்தப் பையை முதன்முதலா படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. கம்யூனிட்டி மெடிசின் புத்தகத்தில் இருக்கும் விஷயங்க இது!

இரண்டு மருந்தை ஒப்பிடும் ஆய்வில், யாருக்கு எது என்பதைக் குலுக்கலில்தான் முடிவு செய்யணும். ஆனால் சுத்தமான குலுக்கலில் முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒரே பக்கம் போகலாம். அதனால் நாலு நாலு பேராக, இரண்டு ‘அ’, இரண்டு ‘ஆ’ என்று கலைத்துப் போடுவோம். பேரு பிளாக் ரேண்டமைசேஷன்.

இதில் ஒரு ஓட்டை. முதல் மூணு தெரிஞ்சா நாலாவது தானா தெரிஞ்சிடும். தெரிஞ்சால் டாக்டர் மனசு சும்மா இருக்காது. ‘பாவம், இவருக்கு ரொம்ப முடியலை, புது மருந்து விழட்டும்’ என்று வரிசையை மாத்திடுவார். அங்கேயே ஆய்வு பாழ். 1948ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில், 107 காசநோயாளிகளில் யாருக்கு மருந்து என்பதை பிராட்ஃபோர்ட் ஹில் மூடிய கவருக்குள் வெச்சது இதனால்தான். இப்போ பிளாக்கின் அளவையே மாத்தி மாத்தி வெச்சு மறைப்பாங்க.

நமக்கு ஓட்டையா இருக்கிற அதே விஷயம் த்ரீஸில் ருசி! ‘இதுவரை மூணு 2 வந்தாச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி’ என்று எண்ணி வெச்சு ஆடுறவங்கதான் தூரம் போவாங்க.

சரி, தம்பிக்கு வருவோம். 2014 மார்ச்சில் 19 வயது இத்தாலியப் பையன் கேப்ரியேலே சிருல்லி, 1024 என்ற விளையாட்டைப் பார்த்து, ஒரு வார இறுதியில் 2048ஐ எழுதி இலவசமா போட்டார். இதில் பை கிடையாது. காலிக் கட்டம் எதிலாவது 90% வாய்ப்பில் 2, 10% வாய்ப்பில் 4. அவ்வளவுதான். அட்டைகளும் சுவர் வரை வழுக்கும். பெரிய எண்ணை ஒரு மூலையில் வெச்சு, இரண்டே திசையில் மாத்தி மாத்தித் தள்ளினாலே வெகுதூரம் போயிடலாம். உலகமே அதைத்தான் ஆடியது. பலர் காசு கொடுத்து வாங்க வேண்டிய த்ரீஸை 2048ன் காப்பி என்றே நினைச்சாங்க. நொந்துபோன த்ரீஸ்காரங்க, தங்களுக்குள் எழுதிய மின்னஞ்சல்களை எல்லாம் வெளியிட்டாங்க, எங்க உழைப்பைப் பாருங்க என்று.

சிருல்லி மேல எனக்குக் கோபமில்லை. அவர் அதை மறைக்கலை, அவர் பக்கத்திலேயே த்ரீஸ் பெயர் இருக்கு. நைட் டூட்டியில் தூக்கக் கலக்கத்தில் நானும் 2048தான் ஆடுவேன், மூளை வேண்டாம் பாருங்க. ஆனால் தோத்தபின் ‘நாம எங்க விட்டோம்’ என்று யோசிக்க வைப்பது த்ரீஸ்தான்.

த்ரீஸில் இரண்டு 6144ஐச் சேர்த்தால் ஆட்டம் முடியும். அதை முதன்முதலாக ஒருத்தர் செஞ்சது 2017ல். வெளியாகி மூணு வருஷம் கழிச்சு! நான் இன்னும் 768லேயே நிக்கிறேன். நீங்க?