மதுரைச் சமவெளியில் மாறிவந்த மிளகாய்

அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாயைப் போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். அதுவரை தமிழர் சமையலுக்குக் காரம் தந்தது மலைநாட்டு மிளகு. மிளகாயோ வீட்டுக் கொல்லையிலும் மானாவாரிக் காட்டிலும் விளைந்ததால் பாண்டி நாட்டுச் சமவெளியில் வேரூன்றியது.

விதையைக் குடியானவர்களே எடுத்து வைத்தனர். பிடித்த காயுள்ள செடியைப் பழுக்கவிட்டு, அதன் விதையை மறு பட்டத்தில் விதைத்தனர். இப்படித் தெரிந்தெடுத்ததில் இராமநாதபுரத்தில் உருண்டையான முண்டும், சாத்தூர்ப் பக்கம் நீண்ட சம்பாவும் நிலைபெற்றன. வடிவம் வேறானாலும் இரண்டும் ஒரே இனம். இராமநாதபுரம் முண்டு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

எடுத்து வைத்த விதை எப்போதும் தாயைப் போலவே முளைப்பதில்லை. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆயினும் தேனீக்கள் அடுத்த செடியின் மகரந்தத்தையும் கொண்டுவரும். மதுரையை அடுத்த பரவையில் ஒரு கொல்லையில் குடமிளகாயும் கார மிளகாயும் அருகருகே நின்றால், அந்த ஆண்டுக் காயில் மாற்றம் தெரியாது. கலந்த விதையிலிருந்து அடுத்த ஆண்டு வரும் செடியில்தான் தெரியும். காரத்தைத் தரும் மரபணு ஓங்குதன்மை உடையது என்பதால், குடமிளகாய் விதையில் முளைத்த செடியும் உறைப்பாகக் காய்க்கும். சந்தையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகப் பழத்தின் விதையைப் போட்டாலும் செடிக்குச் செடி காய் வேறுபடும்.

இதனால் விதைப் பயிருக்கும் வேறு ரக மிளகாய்க்கும் இடையே தனிமைத் தூரம் விதிக்கப்பட்டது: குடியானவர் வாங்கி விதைக்கும் சான்று விதைக்கு 200 மீட்டர், அதைப் பெருக்கப் பயன்படும் ஆதார விதைக்கு 400 மீட்டர். வேறுபட்டு வளரும் செடியைக் ‘கலவன்’ என்று பிடுங்கிவிடுவர்.

ஆனால் மாறிவந்த செடியே புது ரகமானதும் உண்டு. 1965-இல் தொடங்கிய மதுரை வேளாண்மைக் கல்லூரி, கோவில்பட்டியின் கே 1 மிளகாய் விதையில் காமாக் கதிரைச் செலுத்தியது. அந்த வழியில் கிடைத்த மாறுபட்ட செடியிலிருந்து உருவானதே எம்.டி.யு. 1. செடி அடக்கமானது, காய்கள் கொத்துக்கொத்தாகப் பிடிக்கும்.

கொல்லையில் ரகம் மாறாமல் காக்க, மலராத மொட்டை மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையை எடுத்து, அந்தக் காம்பில் நூல் கட்டி வைத்தால் போதும். அது பழுத்ததும் விதைக்கு எடுக்கலாம்.