மனிதனுக்கு உரிமமா? கருவிக்குச் சான்றா? – வானலை கற்பித்த பாடம்



கம்பியில்லா ஒலிவாங்கி, புளூடூத் ஒலிபெருக்கி, வைஃபை கருவி, தொலைவிலிருந்து இயக்கும் விளையாட்டு மகிழுந்து என நம் பள்ளியிலும் இல்லத்திலும் வானொலி அலைகளைப் பரப்பும் கருவிகள் பெருகிவிட்டன. அவற்றின் அடிப்பகுதியில் சிறிய எழுத்துகளில் சில எண்களும் குறிகளும் காணப்படும். அவை கருவியின் தரத்திற்குத் தரப்பட்ட பாராட்டு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், 'இக்கருவி பிறருடைய அலைகளைக் கெடுக்காது' என்பதற்கான உறுதிமொழியே அது. அவ்வுறுதிமொழிக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

ஒரே வானில் பல குரல்கள்

தொடக்கக் காலக் கம்பியில்லாத் தந்திக் கருவிகள் மின்பொறியைக் கொண்டு அலைகளை எழுப்பின. அவ்வலைகள் ஓர் அதிர்வெண்ணில் அடங்காமல் அகன்று பரவின. ஒருவர் செய்தி விடுத்தால் அருகிலுள்ளவரின் செவி அடைபட்டது. 1906-ஆம் ஆண்டில் பெர்லினில் கூடிய நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எஸ்.ஓ.எஸ். எனும் ஆபத்துக் குறியும் அதில் இடம்பெற்றது. ஆயினும் வானில் ஒழுங்கு முழுமையாக நிலைபெறவில்லை.

1912 ஏப்ரல் 14 இரவு. டைட்டானிக் கப்பலின் தந்தியாளர் ஜாக் பிலிப்ஸ், கேப் ரேஸ் கரை நிலையத்தோடு பயணிகளின் செய்திகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார். அப்போது அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பல், தான் பனிக்கட்டிகளால் சூழப்பட்டு நிற்பதாகச் செய்தி விடுத்தது. பக்கத்திலிருந்து எழுந்த அந்த வலிய அலை, தொலைவிலிருந்து வந்த மெல்லிய அலையை மூழ்கடித்தது. எரிச்சலுற்ற பிலிப்ஸ், வாயை மூடும்படி பதில் விடுத்தார். கலிபோர்னியனின் தந்தியாளர் சற்று நேரத்தில் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அதன் பின்னரே டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. 1,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விபத்துக்குப் பின்னும் வானலையில் செய்திகள் கலந்து குழம்பின. பயணிகள் அனைவரும் தப்பினர் என்றே சில நாளிதழ்கள் எழுதிவிட்டன!

அதே ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் அமெரிக்காவில் வானொலிச் சட்டம் நிறைவேறியது. அலை பரப்புவோர் உரிமம் பெற வேண்டும் என்றது அச்சட்டம். ஆக, முதலில் கண்ட தீர்வு மனிதனுக்கு உரிமம் என்பதாகும்.

கருவியின் பக்கம் திரும்பிய சட்டம்

நாளடைவில் கம்பியில்லாக் கருவிகள் வீட்டிற்குள்ளும் நுழைந்தன. 1930-களின் இறுதியில் ஃபில்கோ நிறுவனம், வானொலிப் பெட்டியை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் கம்பியில்லாக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் உரிமம் பெற வேண்டுமா? இதற்கான விடையை 1934-இல் அமைக்கப்பெற்ற அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் 1938-இல் தந்தது. கருவியின் அலை குறிப்பிட்ட வலிமையைத் தாண்டாதிருந்தால், பயன்படுத்துவோருக்கு உரிமம் தேவையில்லை. கட்டுப்பாடு மனிதனிடமிருந்து கருவிக்கு மாறியது.

1985 மே மாதத்தில் அவ்வாணையம் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. நுண்ணலை அடுப்புகள் இயங்குவதால் பலரும் வேண்டாமென்று ஒதுக்கிய 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி உள்ளிட்ட சில அலைவரிசைகளை உரிமமின்றிப் பயன்படுத்த வழிவிட்டது. பொறியாளர் மைக்கேல் மார்க்கஸ் இதற்காகப் பெரிதும் உழைத்தவர். 1997-இல் வெளிவந்த வைஃபை தரமும், பின்னர் வந்த புளூடூத்தும் இப்பகுதியில்தான் வளர்ந்தன. அங்கு இயங்கும் கருவிகளுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிறருக்குத் தீங்கான இடையூறு செய்யலாகாது. தனக்கு வரும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வகுப்பறையில் நான் மாணவர்க்குச் சொல்லும் நன்னெறியும் இதுதானே!

சோதனையில் என்ன நிகழ்கிறது?

வெளி அலைகள் புகாத அறையில் கருவியை வைத்துச் சோதிக்கின்றனர். அது எவ்வளவு ஆற்றலை வெளியிடுகிறது, ஒதுக்கிய எல்லைக்கு வெளியே எவ்வளவு சிந்துகிறது என்பனவற்றை அளக்கின்றனர். அளவுகள் விதிக்குள் அடங்கினால்தான் சான்று கிடைக்கும்.

நம் நாட்டில் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டம், 1950-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்து, 1999 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் இதனைக் கண்காணிக்கிறது. சான்றளிக்கும் பணியைச் சிரிம் குழும நிறுவனம் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளது.

பள்ளிக்கும் வீட்டிற்கும்

மலிவு விலையில் இணையத்தில் கிடைக்கும் ஒலிவாங்கியையோ வாக்கி டாக்கியையோ பள்ளி விளையாட்டுப் போட்டிக்காக வாங்குகிறோம். அது வேறொரு நாட்டின் அலைவரிசைக்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். அமெரிக்காவில் 2010 ஜூன் மாதத்தோடு 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் கம்பியில்லா ஒலிவாங்கிகளைப் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. காவல்துறைக்கும் தீயணைப்புப் படைக்கும் அப்பகுதி தேவைப்பட்டதே முக்கியக் காரணம். மேடையில் ஒலிக்கும் நம் குரல், எங்கோ உதவி கேட்கும் ஒருவரின் குரலை மறைத்துவிடக் கூடாதல்லவா?

ஆதலின், வாங்குமுன் கருவியிலோ பெட்டியிலோ ஆணையத்தின் குறியைத் தேடுங்கள். இல்லையேல் விற்பவரிடம் கேளுங்கள். பிள்ளைகளிடமும் அக்குறியைக் காட்டி அதன் பொருளை விளக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத வானலையும் நீரைப் போல, நிலத்தைப் போலப் பொதுச்சொத்து என்பதை அவர்கள் இளமையிலேயே உணரட்டும்.