மலைச்சரிவில் வீடு கட்டியவர்களும் கையெழுத்துப் போட்டவர்களும்

1993-ஆம் வருடம் நவம்பர் 11-ஆம் தேதியை நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டுப்பாளையம் குன்னூர் சாலையில் மரப்பாலம் அருகே மலை இறங்கி, சாலையையும் ரயில் பாதையையும் துண்டித்துவிட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 11, சனிக்கிழமை மதியம், மலேசியாவில் கோலாலம்பூரை ஒட்டிய உலு கிளாங் பகுதியில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பிளாக் முழுதாகச் சரிந்து விழுந்தது. 48 பேர் இறந்தார்கள்.

நம் ஊரில் நடந்ததை மழையின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனோம். அங்கே வீட்டை இழந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதனால் அந்தச் சரிவில் யார் யார் என்ன வேலை செய்தார்கள், யார் எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதெல்லாம் ஒரு தீர்ப்பில் வரிவரியாகப் பதிவாகிவிட்டது. மலையில் வீடு கட்ட நினைக்கும் எவரும் அந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக எண்ணம்.

நான் இன்ஜினியர் அல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசி ஒன்பது வருடம் மலையில்தான், அதுவும் வீட்டுக்கடன் மேஜையில். பட்டா, வில்லங்கச் சான்று, பிளான் அப்ரூவல், எஸ்டிமேட், மதிப்பீட்டாளர் அறிக்கை என்று ஃபைலில் எல்லாம் இருக்கும். அந்த மண் எப்படிப்பட்ட மண் என்று சொல்லும் ஒரு தாளை மட்டும் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

ஹைலண்ட் டவர்ஸ் 1970-களில் எழுந்தது. பன்னிரண்டு மாடியில் மூன்று பிளாக்குகள். பின்னால் செங்குத்தான மலை. அந்த மலையைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் கருங்கல்லில் தாங்கு சுவர் எழுப்பினார்கள். மேலே பங்களா மனைகள் போடும் திட்டமும் இருந்தது. சரிவின் குறுக்கே ஓர் ஓடை. அதைக் குழாய்க்குள் விட்டுத் திருப்பினார்கள். ஓடையைக் குழாயில் அடைத்த இடங்கள் நம் மலையிலும் எத்தனையோ உண்டு. படிக்கும்போது நமக்கே முகவரிகள் ஞாபகத்துக்கு வரும்.

கட்டிய நிறுவனம் ஆர்க்கிடெக்ட் வேலைக்கு அமர்த்திய மனிதர் முறையாகத் தேர்ந்த ஆர்க்கிடெக்ட் அல்ல. கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். வரைபடம் அழகாக வரும், அளவு சரியாக இருக்கும், அதில் குறையில்லை. ஆனால் மலையும் கட்டடமும் தண்ணீரும் ஒன்றோடொன்று என்ன செய்யும் என்று மொத்தமாக யோசிக்கும் பயிற்சி வேறு. இன்ஜினியர் முறையாகப் படித்துப் பதிவு பெற்றவர்தான். அவர் யார் என்றால், அந்த டிராஃப்ட்ஸ்மேனின் சகோதரர். "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பார்த்துக்குவான்" என்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது. இதில் எனக்குப் படுவது இதுதான்: இரண்டு தனித்தனி ஆட்கள் இருந்தால் ஒருவர் விட்டதை மற்றவர் பிடிக்க வாய்ப்புண்டு. ஒரே குடும்பம் என்றால் அந்த வாய்ப்பு குறைவு.

இன்ஜினியர் போட்ட அஸ்திவாரம் ரயில் தண்டவாளத் துண்டுகளை ஒன்றுசேர்த்து மண்ணில் இறக்கிய பைல். அந்தக் காலத்தில் அது வழக்கத்தில் இருந்த முறைதான். மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். ஆனால் மலை அடிவாரத்தில் பாரம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. மண் நகர்ந்தால் பக்கவாட்டிலும் தள்ளும். தரையில் அடித்த முளையின் தலையில் ஏறி நின்றால் அசையாது, பக்கத்திலிருந்து காலால் உதைத்தால் சாய்ந்துவிடும். அந்த உதையைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கோர்ட்டில் இன்ஜினியர் சொன்ன வாதம் கவனிக்க வேண்டியது. என் பொறுப்பு கட்டடம் மட்டும். பின்னால் இருக்கும் மலை, அதன் தாங்கு சுவர்கள், வடிகால் எதுவும் என் வேலை அல்ல என்றார். கோர்ட் ஏற்கவில்லை. சரிவுக்குக் கீழே கட்டடம் கட்டுகிறவர் அந்தச் சரிவு நிற்குமா என்று பார்க்கத்தான் வேண்டும், தானே பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேட்க வேண்டும் என்ற பொருளில் தீர்ப்பு வந்தது. இன்னொன்றும் வெளியே வந்தது. அங்கீகரித்த பிளானில் இருந்த வடிகால் வேலையில் ஒரு சிறு பங்குதான் உண்மையில் நடந்திருந்தது. ஆனால் வேலை முடிந்துவிட்டதாக அதிகாரிகளுக்குக் கடிதம் போயிருந்தது.

பிறகு நடந்ததை ஊகிப்பது கஷ்டமில்லை. வருடங்கள் ஓடின. மேலே இருந்த மலையில் வேறொரு கம்பெனி மனை போடக் காட்டை அழித்தது. தண்ணீர் வழி மாறி வந்தது. வடிகால்களைப் பராமரிக்க ஆளில்லை. 1993 டிசம்பரில் நாள் கணக்காக மழை பெய்தது. வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருந்த ஓர் உயரமான தாங்கு சுவர் முதலில் போனது. அதன் பிடிமானம் போனதும் அதற்கு மேலே இருந்த மண் இறங்கியது, பிறகு அதற்கு மேலே. கீழிருந்து மேலாக மலை உரிந்து வந்தது என்று சொல்லலாம். முதல் பிளாக்கின் அஸ்திவாரம் நகர்ந்து கட்டடம் சாய்ந்தது. மற்ற இரண்டு பிளாக்குகளும் விழவில்லை. ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் திரும்பிப் போகவே முடியவில்லை.

அந்த இரண்டு பிளாக்குகளைச் சேர்ந்த 73 பேர்தான் வழக்குப் போட்டார்கள். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் தீர்ப்புச் சொன்னார். பொறுப்பைச் சதவீதமாகப் பிரித்துக் கொடுத்தார். கட்டிய நிறுவனத்துக்கு 15, ஆர்க்கிடெக்ட் வேலை பார்த்தவருக்கு 10, இன்ஜினியருக்கு 10, உள்ளாட்சி மன்றத்துக்கு 15, மேலே மலையைத் திருத்திய கம்பெனிகளுக்கு 20. மிச்சம் 30 சதவீதம், அதாவது எல்லோரையும்விட அதிகப் பங்கு, ஒரு நிதி நிறுவனத்துக்கு! பின்புறச் சரிவில் இருந்த பங்களா மனைகள் அதன் பேரில் இருந்தன. நிலத்தை வைத்திருந்தது, அதில் இருந்த வடிகாலையும் சுவரையும் கவனிக்கவில்லை, அதுதான் குற்றம். வங்கியில் காலம் தள்ளியவன் என்பதால் அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

உள்ளாட்சி மன்றம் மேல்முறையீடு செய்தது. 2006-இல் மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம், அங்குள்ள தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் சொல்லிவிட்டது. அப்ரூவல் முத்திரையை இன்ஷூரன்ஸ் பாலிசி போல நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே வட்டாரத்தில் 2002 நவம்பரில் ஒரு பங்களா மண்ணில் புதைந்து 8 பேர் இறந்தார்கள். 2008 டிசம்பரில் பக்கத்து புக்கிட் அந்தாராபங்சாவில் 14 பங்களாக்கள் போயின. இடையில் 2004-இல் மலேசியப் பொதுப்பணித்துறை சரிவுகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. ஆபத்தான சரிவில் ஒரு இன்ஜினியர் போட்ட வடிவமைப்பை, அவருக்குச் சம்பந்தமில்லாத, அங்கீகாரம் பெற்ற இன்னொரு இன்ஜினியர் சரிபார்க்கும் முறையும் வந்தது. இந்த இரண்டாவது கண் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. வங்கியில் ஒரு வவுச்சருக்கே இரண்டு கையெழுத்து கேட்போம்.

ஹாங்காங் இதே பாடத்தை முன்னதாகவே படித்தது. 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் 71 பேர், போ ஷான் சாலையில் 67 பேர். முதலாவது, சரியாக இறுக்காமல் கொட்டி நிரப்பிய மண். இரண்டாவதில் ஒரு மனையில் மலையை வெட்டிய வேலையும் சேர்ந்திருந்தது. நான்கு வருடம் கழித்துச் சாவ் மாவ் பிங்கிலேயே மறுபடியும் சரிந்து 18 பேர் இறந்த பிறகுதான், 1977-இல், மண்ணையும் சரிவையும் கவனிக்க அரசு தனி அலுவலகம் திறந்தது.

இனி நம் மலைக்கு வருவோம். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்தார். ஊட்டியில் 1822-இல் அவர் கட்டத் தொடங்கிய கல் பங்களா இன்றைக்கும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. அவர்களுக்கு மலை முழுக்கக் காலி. நல்ல சமதளமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அவர்களுக்கு வெகு முன்பே படுகர் ஹட்டிகளில் வீடுகளை மலையின் போக்கிலேயே வரிசையாகக் கட்டியிருந்தார்கள். மலையை வெட்டி வீட்டுக்கு இடம் பண்ணாமல், மலை விட்ட இடத்தில் வீட்டை வைத்தார்கள். நல்ல இடங்கள் எல்லாம் தீர்ந்த பிறகு வந்தவர்கள் நாம். நமக்குக் கிடைப்பது சரிவுதான்.

நீலகிரியில் அடியில் சார்னகைட் பாறை. அதன் மேல் பாறை மக்கி உண்டான செம்மண், சில இடங்களில் மிக ஆழமாக. காய்ந்திருக்கும்போது கடப்பாரை இறங்காத அளவுக்குக் கெட்டி. தண்ணீர் குடித்தால் கஞ்சி. 1978, 79 நவம்பர்களில் குன்னூர் சுற்றுப்பக்கம் அடுத்தடுத்துச் சரிவுகள். ரன்னிமேடு பெயர் அப்போது அடிபட்டது. அரசின் புவியியல் துறை மலைக்கென்று ஒரு மண்ணியல் பிரிவு வைத்தது அந்தச் சரிவுகளின் பின்விளைவுதான். 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது. வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத்துறை ஆகியவற்றின் கருத்துகளைக் கேட்கும் வழக்கம் அதோடு வந்தது. கட்டடத்தின் உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பும் இருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் 2009 நவம்பரில் சில நாள் மழையில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள்.

விதிகளை எல்லோரும் திட்டுகிறார்கள். அலைச்சல் உண்மைதான், நானே எத்தனையோ பேருடைய புலம்பலைக் கேட்டிருக்கிறேன். ஆனால் புவியியல் துறையின் அந்த ஒரு தாள், நம் செலவில்லாமல் நமக்குக் கிடைக்கும் இரண்டாவது கண். அதை எதிரியாகப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, யாரை அழைப்பது? நம் நாட்டில் 1972-ஆம் வருடச் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று பெயர்ப்பலகை மாட்டலாம். ஆனால் அந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, வேலையை அல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதாவது அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் அதே வேலையை வேறொருவர் செய்யத் தடையில்லை. இன்ஜினியர் என்ற சொல்லுக்கு அகில இந்திய அளவில் அந்தப் பாதுகாப்பும் கிடையாது. மலேசியாவில் 1967-லேயே இரண்டு தொழிலுக்கும் பதிவுச் சட்டம் இருந்தது. இருந்தும் ஹைலண்ட் டவர்ஸ் விழுந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், ஜியோடெக்னிகல் இன்ஜினியர் என்று தனித்தனிப் பதிவு முறை இருக்கிறது. ஆகவே பதிவு எண் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேளுங்கள்.

மலையில் ஆளை அழைக்கும் வரிசை சமவெளி மாதிரி இல்லை. கீழே நாம் முதலில் பிளான் போடுகிறோம், மேஸ்திரியைப் பேசுகிறோம், மண்ணைப் பற்றி நினைப்பதே இல்லை. மேலே முதலில் வர வேண்டியவர் சர்வேயர். எல்லைக் கல்லைக் காட்ட மட்டும் அல்ல. நிலம் எங்கே எவ்வளவு இறங்குகிறது என்று மட்டக்கோடுகள் போட்ட வரைபடம் வேண்டும். அதன் பிறகு மண் பார்க்கிறவர். துளை போட்டு, மண் எவ்வளவு ஆழம், பாறை எங்கே, தண்ணீர் எங்கே ஊறுகிறது என்று எழுதிக் கொடுப்பார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆர்க்கிடெக்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் பேச வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: பின்னால் இருக்கும் மண் திட்டும் என் எல்லைக்கு மேலே இருக்கும் பக்கத்து மனையும் உங்கள் கணக்கில் உண்டா? இல்லை, அது என் வேலை இல்லை என்றால், அது யார் வேலை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். உலு கிளாங்கில் யாருக்கும் சொந்தமில்லாமல் போனது அந்த வேலைதான்.

மேஸ்திரியைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள். கருங்கல் தாங்கு சுவரில் கல்லைக் கோத்து வைப்பதும், தண்ணீர் வடியத் துளை விட்டு அதன் பின்னால் ஜல்லி நிரப்புவதும் கைப்பழக்கம். நல்ல மேஸ்திரியின் சுவர் அப்படியே நிற்கும். ஆனால் அந்தச் சுவர் எத்தனை அடி உயரம் போகலாம், அடியில் எவ்வளவு அகலம் வேண்டும் என்பது கண் அளவுக்கு விடும் விஷயம் அல்ல. மலைப்பகுதித் தாங்கு சுவர்களுக்கென்று இந்தியத் தர நிர்ணயத்தில் 14458 என்ற எண்ணில் வழிகாட்டியே இருக்கிறது.

எனக்கு நம்பிக்கையே வராத ஆசாமி, "லெவல் பண்ணிக் கொடுத்துடலாம் சார்" என்று பொக்லைனோடு வருபவர்தான். பின்னால் வெட்டி, அந்த மண்ணை முன்னால் தள்ளி, அரை நாளில் சமதளம் காட்டிவிடுவார். வீட்டின் பாதி வெட்டிய கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். இரண்டு மழைக்காலம் போனால் அந்தக் கோட்டிலேயே சுவரில் விரிசல் ஓடும். சாவ் மாவ் பிங்கில் சரிந்ததும் இப்படிக் கொட்டிய மண்தான், அளவுதான் வேறு.

செலவு? மண் பரிசோதனை, மட்ட வரைபடம், ஸ்ட்ரக்சுரல் கணக்கு எல்லாம் சேர்ந்தாலும் மொத்தக் கட்டுமானச் செலவில் சிறு பங்குதான். கிரானைட் தரைக்கும் மாடுலர் கிச்சனுக்கும் யோசிக்காமல் கொடுப்பவர்கள் இதில் மட்டும் பேரம் பேசுவதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்தாயிற்று. ஓய்வுக்கால வீடு மலையில் வேண்டும் என்று பி.எஃப். பணத்தோடு வரும் நம் வயதுக்காரர்கள் மனையைப் பார்ப்பது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதத்தில், குளிர் தேடி வரும்போது. புரோக்கருக்கும் அதுதான் சௌகரியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய், மனைக்கு மேலே எங்கிருந்து தண்ணீர் வருகிறது, கீழே எங்கே போகிறது என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். கூட்டிப்போகும் இன்ஜினியர் அந்த மழையில் வர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.