கீசர் போட்டாலே கரண்ட் ட்ரிப் ஆகுதா? ராமேஸ்வரம் கடலோர வீடுகளில் உப்பு செய்யும் வேலை... கண்டுபிடிப்பது எப்படி?

மழைக்காலம் வந்ததும், பல மாதமா சும்மா கிடந்த கீசரை ஆன் செய்கிறோம். அடுத்த நொடியே வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது. உடனே, "ட்ரிப்பர்தான் கோளாறு, அதைக் கழட்டிட்டு நேரா கனெக்‌ஷன் கொடுத்துடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ட்ரிப்பர் விழுவது கோளாறு இல்லை. கோளாறு இருக்கிறது என்று சொல்லும் எச்சரிக்கை.

உப்பு என்ன செய்கிறது?

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றால் அரித்துப்போனது. 2022 டிசம்பரில் அதில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரும்புப் பாலத்தையே அரித்த அதே காற்றுதான் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பகுதி வீடுகளின் பிளக் பாயிண்டுக்குள்ளும் போகிறது.

போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் சிக்கல் இரட்டிப்பாகும். காயில் மேல் வெள்ளையாக உப்பு படியும். சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே தங்கும். நாளடைவில் காயிலின் மேல்குழாய் அரித்து விரிசல் விடும். அதன் வழியாக மின்சாரம் தண்ணீருக்குக் கசியும். நீண்ட நாள் ஓடாத கீசரில், காயிலுக்குள் இருக்கும் காப்புப் பொடி ஈரத்தை உறிஞ்சினாலும் கசிவு ஏற்படும்.

எந்த சுவிட்ச் விழுந்தது?

முதலில் மெயின் பாக்ஸைப் பாருங்கள்.

* 'டெஸ்ட்' பட்டன் உள்ள ஆர்சிசிபி விழுந்தால், மின்கசிவு. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இல்லை என்று அர்த்தம். வீடுகளில் பயன்படுத்துவது 30 மில்லி ஆம்பியர் வகை.

* எம்சிபி விழுந்தால், ஓவர்லோடு அல்லது ஷார்ட் சர்க்யூட். 2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதே லைனில் அயர்ன் பாக்ஸும் ஓடினால் தாங்காது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

மெயினை ஆஃப் செய்துவிட்டு, கை ஈரமில்லாமல், செருப்பு போட்டுக்கொண்டு கீசர் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு ஆர்சிசிபியைத் தூக்குங்கள்.

* நின்றால், கோளாறு கீசரில். பெரும்பாலும் காயில்தான்.

* மறுபடி விழுந்தால், வயரிங்கிலோ வேறு கருவியிலோ கசிவு.

* கீசர் சுவிட்ச் ஆஃபில் இருந்தும், பிளக் செருகியிருந்தாலே விழுகிறதா? சாதாரண சுவிட்ச் பேஸ் வயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் பக்கம் எர்த்தைத் தொட்டால் அப்போதும் விழும்.

* லைட் எரிந்தும் தண்ணீர் சூடாகவில்லையா? காயில் அறுந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் போயிருக்கலாம்.

* பிளக் கருகியிருக்கிறதா? துருவால் லூஸ் கான்டாக்ட். பிளக், சாக்கெட் இரண்டையும் மாற்றுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட் அவசியம்.

பிளக் இல்லாமல் நேரடியாக வயர் இணைத்த கீசர் என்றால், நீங்கள் தொடவே வேண்டாம். எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா?

இதுதான் மிக ஆபத்தான அறிகுறி. உடனே மெயினை ஆஃப் செய்யுங்கள், குளிக்க வேண்டாம். உப்பு மண்ணில் எர்த் பைப்பும் அதில் இணைத்த வயரும் துருப்பிடித்து அறுந்துபோகலாம். எர்த் இல்லாவிட்டால் கசியும் மின்சாரம் ஆள் வழியாகத்தான் தரைக்குப் போகும். மழைக்கு முன்பு ஒருமுறை எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மறக்கக்கூடாதவை

* மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது உங்களைக் காப்பாற்றாது, மாற்றுங்கள்.

* குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே கீசரை ஆன் செய்யுங்கள். காலி டேங்கில் காயில் கருகிவிடும்.

* வருடம் ஒருமுறை காயிலையும், டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் தண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். உப்புத்தண்ணீரில் தண்டு சீக்கிரம் கரையும்.

* ஒருவருக்கு ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை ஆஃப் செய்துவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

மீட்டருக்கு முன்னால் உள்ள லைனில் பிரச்சனை என்றால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் செய்யலாம். வீட்டுக்குள் இருக்கும் வயரிங் நம் பொறுப்பு. புது காயில் சில நூறு ரூபாய் செலவுதான். அந்தச் செலவுக்குப் பயந்து ட்ரிப்பரைக் கழற்றினால், வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கு இருந்த ஒரே காவலையும் கழற்றிவிடுகிறோம்.