பிள்ளைகளுக்குப் பியானோ: எந்த வயதில், எப்படித் தொடங்குவது?

தங்கள் சிறுவயதை இடப்பெயர்விலும் பதுங்குகுழியிலும் கழித்த பெற்றோர் பலர், தமக்குக் கிடைக்காதவை எல்லாம் தம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். சங்கீதமும் அவற்றில் ஒன்று. தேவாலயத்திலோ பாடசாலையிலோ கீபோர்ட் வாசிக்கும் பிள்ளையைப் பார்த்தவுடன், "எங்கட பிள்ளையையும் இப்பவே சேர்க்கலாமா, வயது பிந்திவிட்டதா?" என்ற கேள்வி எழுகிறது.

சுருக்கமான பதில் இதுதான்: ஒழுங்கான வகுப்புக்கு 5 முதல் 7 வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருத்தமானது. அதற்கு முன் பாட்டும் தாளமும் விளையாட்டும் போதும். அதற்குப் பின் எந்த வயதிலும் தொடங்கலாம்.

வயதைவிட ஆயத்தமே முக்கியம்

பிறந்த திகதியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பின்வருவனவற்றைக் கவனியுங்கள்: பிள்ளையால் பத்து நிமிடம் ஒரு வேலையில் இருக்க முடிகிறதா? வலது, இடது தெரிகிறதா? ஐந்து விரல்களையும் தனித்தனியே அசைக்க முடிகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைக்கு விருப்பம் இருக்கிறதா? இவற்றுக்கு 'ஆம்' என்றால் தொடங்கலாம். இல்லையென்றால் ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதனால் எந்த நட்டமும் இல்லை.

பியானோவில் 88 கட்டைகள் உள்ளன: 52 வெள்ளை, 36 கறுப்பு. ஒரு ஸ்தாயியின் அகலம் ஏறத்தாழ 16.5 சென்ரிமீற்றர். ஐந்து வயதுப் பிள்ளையின் கை அதற்கு விரியாது, விரியவும் தேவையில்லை. ஐந்து விரல்களுக்கு ஐந்து வெள்ளைக் கட்டைகள் என்பதே முதலாம் வருடத்துக்குப் போதுமானது.

முதலில் காது, பிறகு கண்

குழந்தை பேசப் பழகிய பின்னரே எழுத்துப் படிக்கிறது. சங்கீதத்தையும் அப்படியே கற்பிக்கலாம் என்றவர் ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி (1898–1998). இரண்டாம் உலகப் போரில் தோற்றுச் சிதைந்திருந்த ஜப்பானில், மட்சுமோட்டோ நகரில் அவர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். திரும்பத் திரும்பக் கேட்பது, தாயோ தந்தையோ வகுப்பில் கூட இருப்பது, சிறு முன்னேற்றத்தையும் பாராட்டுவது ஆகியவை அவருடைய முறையின் அடிப்படைகள். பெரிய வித்துவான்களை உருவாக்குவதைவிட நல்ல மனிதர்களை வளர்ப்பதே தன் நோக்கம் என்றார். இம்முறை பின்னர் பியானோவுக்கும் வந்தது.

எனவே முதல் மாதங்களில் பிள்ளை தெரிந்த பாட்டைப் பாடட்டும், கைதட்டித் தாளம் போடட்டும், பிறகு அதே பாட்டைக் கட்டைகளில் தேடட்டும். இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் இருக்கும் கறுப்புக் கட்டைகளைக் கண்டுபிடிப்பதே நல்ல விளையாட்டு. இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு உடனே இடப்பக்கத்தில் இருக்கும் வெள்ளைக் கட்டை 'சி'. குறியீடு வாசிப்பது மெல்ல மெல்ல வரும்.

சரிகம தெரிந்த பிள்ளைக்கு

கர்நாடக சங்கீதம் பழகும் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. 'சி'யை ஸட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் அது சங்கராபரணத்தின் சுரங்கள். சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளைக்கு ரிஷபமும் தைவதமும் கறுப்புக் கட்டைகளுக்கு மாறும். ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் சுருதி நிலையானது என்பதால் கமகம் பியானோவில் வராது. அதைக் குரலில் பழகட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

உட்காருவதும் பழகுவதும்

முழங்கை கட்டைகளின் மட்டத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கக்கூடாது, கீழே ஒரு பலகையோ பெட்டியோ வையுங்கள். சிறு தோடம்பழத்தைப் பிடித்ததுபோல விரல்கள் வளைந்திருக்கட்டும். இரு கைகளிலும் பெருவிரல் 1, சின்னவிரல் 5.

தொடக்கத்தில் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணித்தியாலத்தைவிட அது அதிகம் தரும். பிள்ளை களைக்கும் முன் நிறுத்துங்கள். விரல் வலித்தால் அன்று வேண்டாம். பிழை விட்டதற்காக விரலில் அடிக்கும் வகுப்பில் பிள்ளையை வைத்திருக்க வேண்டாம். திடீர்ச் சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளை என்றால், ஒலியைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் கையிலேயே இருக்கட்டும்.

எந்தக் கருவி?

முதல் ஓரிரு வருடங்களுக்கு 61 கட்டைகள் உள்ள கீபோர்ட் போதும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய ஒலியும் பலமாக அழுத்தினால் பெரிய ஒலியும் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். கட்டைகள் ஒடுங்கிய விளையாட்டுச் சாமான் வேண்டாம், அதில் பழகிய கை பின்னர் தடுமாறும். பிள்ளை தொடர்ந்தால், பாரமான 88 கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவுக்கு மாறலாம். பழைய மரப் பியானோ மலிவாகக் கிடைத்தாலும் அவசரப்படாதீர்கள். கடற்காற்றில் தந்தி துருப்பிடிக்கும், ஈரத்தில் மரம் ஊதும், வருடத்துக்கு ஒரு தடவையாவது சுருதி சேர்க்க ஆள் வேண்டும்.

கருவி வாங்க வசதியில்லை என்றால் தேவாலயத்திலோ பாடசாலையிலோ கேட்டுப் பாருங்கள். பாட்டுக்கும் தாளத்துக்கும் செலவில்லை.

இன்னொரு ரியூசன் ஆக்க வேண்டாம்

ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி பரீட்சைகள் இலங்கையிலும் நடைபெறுகின்றன. தரம் 1 முதல் 8 வரை உள்ள இவற்றுக்கு வயதெல்லை இல்லை. ஆகவே ஓட வேண்டிய தேவையும் இல்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்காக ஏற்கெனவே வகுப்பு வகுப்பாக அலையும் பிள்ளைக்குப் பியானோவும் புள்ளியாகிவிட்டால், சங்கீதத்தின் பயன் போய்விடும்.

பெற்றோர் இழந்த சிறுவயதைப் பிள்ளை திருப்பித் தர முடியாது, அந்தப் பாரம் அதன் விரல்களுக்குப் பெரிது. ஆசை பெற்றோருக்கும் இருந்தால் பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பழகுங்கள். நாற்பது வயதில் தொடங்கினாலும் எளிய பாட்டுகளை இரு கைகளாலும் வாசிக்க முடியும். அம்மாவும் பிழை விடுகிறா என்பதைக் காணும் பிள்ளை, பிழைக்குப் பயப்படாமல் பழகும்.