மந்திர ஆயுதம் (டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்)

மந்திர ஆயுதம் என்பது டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எனும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில் மாய ஆற்றல் ஏற்றப்பட்ட வாள், வில், அம்பு முதலியவற்றைக் குறிக்கும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய இவ்விளையாட்டு 1974 இல் வெளியானது. இக்கட்டுரை 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பையும், 2003 இல் வந்த அதன் திருத்தமான 3.5 பதிப்பையும் முதன்மையாகக் கொள்கிறது.

மேம்பாட்டு எண்

மந்திர ஆயுதத்திற்கு +1 முதல் +5 வரை ஒரு மேம்பாட்டு எண் உண்டு. தாக்கும்போது உருட்டும் 20 முகப் பகடையின் எண்ணுடனும், விளையும் சேதத்துடனும் இது கூட்டப்படும். தீச்சுடர் போன்ற சிறப்பாற்றலைச் சேர்க்க, ஆயுதம் முதலில் +1 ஆகவேனும் இருத்தல் வேண்டும். சிறப்பாற்றல்களுக்கும் எண்மதிப்பு உண்டு. எல்லாம் சேர்ந்து +10 ஐ மீறலாகாது. மொத்த எண்ணின் வர்க்கத்தை 2000 பொற்காசால் பெருக்கினால் மந்திரத்தின் விலை கிடைக்கும். தீச்சுடர் கொண்ட +1 நீள்வாள் விலைக்கணக்கில் +2 ஆகும். எனவே 8000 காசு. வாளுக்கு 15, உயர்வேலைப்பாட்டுக்கு 300 சேர்த்து 8315. ஆனால் தாக்குதலில் கூடுவது +1 மட்டுமே. விலைக்கான எண்ணையும் தாக்குதலுக்கான எண்ணையும் ஒன்றெனக் கொள்வதே புதியவர்களின் குழப்பத்திற்குக் காரணம்.

ஒன்றுசேராமை

மேம்பாட்டு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று கூடா. பெரியது மட்டுமே செல்லும். +2 வில்லில் +1 அம்பைத் தொடுத்தால் கிடைப்பது +3 அன்று, +2 ஆகும். உயர்வேலைப்பாடு தாக்குதலுக்குத் தரும் +1 உம் இவ்வாறே மந்திர எண்ணுள் அடங்கிவிடும்.

கூர்மை எனும் ஆற்றல் கடுந்தாக்கு எல்லையை இருமடங்காக்கும். நீள்வாளுக்கு 19–20 என்பது 17–20 ஆகும். மூன்றாம் பதிப்பில் இதனுடன் வீரரின் கடுந்தாக்குத் திறனும் சேர்ந்து 15–20 வரை விரிந்தது, 3.5 பதிப்பு அதைத் தடுத்தது. கடுந்தாக்கில் வாளின் சேதம் பெருகும், தீயின் கூடுதல் பகடை பெருகாது.

சேதக்குறைப்பு

1977 இல் வெளியான அரக்கர் நூலில் கார்காயில் போன்ற உயிரிகளைச் சாதாரண ஆயுதம் தீண்டவே இயலாது. மந்திர வாள் இல்லாத வீரனுக்கு ஓடுவதே வழி. பிற்பதிப்புகள் இதைத் தளர்த்தின. 3.5 பதிப்பில் கார்காயிலுக்கு 10 புள்ளிச் சேதக்குறைப்பு உண்டு: சாதாரண வாளால் 12 சேதம் விளைந்தால் 2 மட்டுமே சேரும், மந்திர வாள் எனில் 12 உம் சேரும். ஓநாய்மனிதனிடம் இது உதவாது. வெள்ளியால் ஆகாத வாள் +5 ஆயினும் அவனது சேதக்குறைப்பைக் கடவாது. முந்தைய பதிப்பில் +1 வாளே வெள்ளிக்கு ஈடாக ஏற்கப்பட்டதால், பழைய ஆட்டங்களைத் தொடர்ந்தவர்கள் வெள்ளி ஆயுதத்தைத் தனியே சுமக்க நேர்ந்தது.

2014 இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் மேம்பாட்டு எண் பொதுவாக +3 உடன் நிற்கிறது.